ஜெர்மனி போறோம்: சிப் வச்ச கிரெடிட் கார்டு தனியா வாங்கணுமா?

குலசேகரம் கணக்கு வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க மோளு ஜெர்மனியில நர்சா இருக்கா. ஃபிராங்ஃபர்ட்ல இறங்கி ஒரு மணி நேரம் ரயில்ல போகணுமாம். பேரப்பிள்ளையைப் பாக்க நானும் வீட்டுக்காரியும் வர்ற மே மாசம் போறோம். விசா வந்தாச்சு, திருவனந்தபுரத்துல இருந்து டிக்கெட்டும் போட்டாச்சு. இனி பைசாவை எப்படிக் கொண்டு போறதுங்கதுதான் குழப்பம்.

நாகர்கோவில்ல டிக்கெட் போட்ட இடத்துல ஒரு பையன், "சார், அங்க சிப் இல்லாத கார்டு ஓடவே ஓடாது. இன்டர்நேஷனல் சிப் கார்டுன்னு தனியா ஒண்ணு உண்டு, நான் ஏற்பாடு பண்ணித் தாரேன்"னு சொல்லுதான். எங்கிட்ட இருக்கது பென்ஷன் அக்கவுண்டுக்க ஏடிஎம் கார்டு மட்டும். அதுல இடப்பக்கமா பொன்நிறத்துல ஒரு சின்னத் தகடு இருக்கு. அதுதானே சிப்பு? பின்ன எதுக்கு இன்னொண்ணு?

கிரெடிட் கார்டு இதுவரை வாங்கினதில்லை. கடன் நமக்கு வேண்டாம்னு இருந்தாச்சு. இப்போ பேங்குல போய்க் கேட்டா, வயசு அறுபத்தாறுன்னு சொன்னதுமே நீட்டின ஃபார்மைத் திரும்ப மேசைக்குள்ள வச்சுட்டாங்க.

மோளு, "அப்பா ஒண்ணும் கொண்டு வராண்டாம், நான் பாத்துக்கிடுதேன்"ங்கா. அவளுக்க பைசாவுல நாங்க ஊர் சுத்த எனக்கு மனசில்லை. இடையில நாங்க ரெண்டு பேரும் மட்டும் ரோமுக்குப் போயிட்டு வரலாம்னும் இருக்கோம். 2022 மே 15-ல நம்ம நட்டாலம் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அந்தச் சதுக்கத்துல ஒருதரம் நிக்கணும்னு வீட்டுக்காரிக்கு ஆசை. அங்க மோளு கூட இருக்க மாட்டா. அதனாலதான் கேக்கேன்.

பம்மம்காரன்:

சார், எதுக்கு இந்த வெப்ராளம். யூரோவா மாத்தி நோட்டாக் கொண்டு போங்க. நோட்டா ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துட்டுப் போகலாம். ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதும். எங்க அப்பா அப்படித்தான் போயிட்டு வந்தாரு.

குளச்சல் கப்பல்காரன்:

பம்மத்துக்காரரே, ரோம்ல பிக்பாக்கெட் எப்படின்னு தெரியுமா உங்களுக்கு? முழுக்க நோட்டாக் கொண்டு போகச் சொல்லாதீங்க. கொஞ்சம் நோட்டு வேணும், மிச்சம் கார்டுதான்.

சார், முதல்ல அந்தப் பையன்கிட்ட ஒண்ணும் வாங்காண்டாம். "இன்டர்நேஷனல் சிப் கார்டு"ன்னு தனிச் சாதி ஒண்ணும் கிடையாது. உங்க கார்டுல இருக்க அந்தத் தகடுதான் சிப்பு. ரிசர்வ் வங்கி 2018 டிசம்பர் 31-க்குள்ள பழைய காந்தப் பட்டை கார்டை எல்லாம் சிப் கார்டா மாத்தணும்னு உத்தரவு போட்டு மாத்தியாச்சு. இப்போ நம்ம நாட்டுல எந்தப் பேங்குல வாங்கினாலும் சிப்போடதான் வரும். காந்தப் பட்டையில எழுதியிருக்கது எப்பவும் ஒரே எழுத்து. ஒருத்தன் அதை நகலெடுத்தான்னா உங்க கார்டு அவன்கிட்ட இருக்க மாதிரிதான். சிப்பு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கிக் கொடுக்கும், அதைத் திருடினாலும் அடுத்த தடவைக்கு உதவாது. ஐரோப்பாக்காரன் இதுல எப்பவோ முன்ன போயிட்டான். அமெரிக்காதான் பிந்திப் போச்சு, 2015 அக்டோபர் வரை ஹூஸ்டன் கடையில எல்லாம் தேய்ச்சு கையெழுத்துப் போட்டுத்தான் நாங்க சாமான் வாங்கினது.

அதனால சிப்பு இருக்கான்னு நீங்க கவலைப்படாண்டாம். அது வெளிநாட்டுக்குத் திறந்திருக்கா, பின் நம்பர் உங்களுக்கு ஓர்மையில இருக்கா, இந்த ரெண்டையும்தான் பாக்கணும்.

ரிசர்வ் வங்கி 2020-ல இன்னொரு விதி கொண்டு வந்தது. புதுசா வர்ற கார்டு எதுவும் நம்ம நாட்டு ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் ஓடும். வெளிநாடு, இணையம், தொட்டுக் கொடுக்கது மூணும் பூட்டிக் கிடக்கும். நாமதான் ஆப்புல போய்த் திறக்கணும். கொள்ளாம், நல்ல விதிதான். ஆனா அதைத் தெரியாம விமானம் ஏறினா என்ன ஆகும்னு கேளுங்க.

ராட்டர்டாம்ல எங்க கப்பல்ல சமையல்காரப் பையன் ஒருத்தன், கரைக்குப் போனவன், ராத்திரி ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் மெஷின் முன்னால நிக்கான். ஆள் கிடையாது, கவுண்டர் அடைச்சாச்சு. மெஷின் கார்டை உள்ள வாங்கிச்சு, பின் கேட்டுச்சு, போட்டான், வெளிய தள்ளிச்சு. கணக்குல பைசா இருக்கு, கார்டுல சிப்பும் இருக்கு. வெளிநாட்டுச் சுவிட்ச் மட்டும் மூடிக் கிடந்தது. சரி, ஆப்புல திறப்போம்னு பாத்தா, ஆப்பு சிம்மைத் தேடுது. அவன் இந்திய சிம்மைக் கழத்தி அறையில வச்சுட்டு அந்த ஊர் சிம்மைப் போட்டுட்டு வந்திருக்கான். நம்ம பேங்கு ஆப்பு பல எண்ணமும் அந்த சிம்மு போன்ல இருந்தாத்தான் திறக்கும், அதுக்கே ஒரு எஸ்எம்எஸ் போகணும். பின்ன நாங்க போய்த்தான் அவனைக் கூட்டிட்டு வந்தோம்.

அதனால இந்திய சிம்மை போனை விட்டு எடுக்காண்டாம். அந்த ஊர் நம்பர் வேணும்னா ரெண்டாவது இடத்துல போடுங்க, இல்லேன்னா இ-சிம். கிளம்புறதுக்கு முன்னயே இன்டர்நேஷனல் ரோமிங் திறந்திருக்கான்னு கம்பெனியில கேட்டு உறுதிப்படுத்துங்க, ஓடிபி வரணும்லா. டேட்டா ரோமிங்கை மட்டும் அணைச்சு வைங்க, இல்லேன்னா பில்லு கப்பலை விட நீளமா வரும்.

பின் நம்பரை இங்க வச்சே ஒரு கடையில கார்டைச் செருகிப் போட்டுப் பாருங்க. இங்க 5,000 ரூபாய் வரை தொட்டாலே போயிரும், அதனால பின் நம்பர் மறந்து போன ஆளுங்க நிறைய. ஐரோப்பாவுல ஆளில்லாத மெஷின் பலதும் பின் கேக்கும், மூணு தடவை தப்பாப் போட்டா கார்டு அடைஞ்சிரும். மெஷின்ல பச்சைப் பொத்தான் சரி, மஞ்சள் அழிக்க, சிவப்பு ரத்து. கார்டை எடுன்னு திரையில வர்ற வரைக்கும் சிப்பை உள்ளயே விட்டுருங்க, பாதியில உருவினா முதல்ல இருந்து தொடங்கணும்.

இனி ஒரு விஷயம். இதுலதான் நம்ம ஆளுங்க நிறையப் பேரு பைசாவை விடுதாங்க. மெஷினு சிரிச்சுக்கிட்டே, "யூரோவுலயா, ரூபாயிலயா?"ன்னு கேக்கும். ரூபாய்ன்னா நமக்குக் கணக்கு புரியுமேன்னு அதை அமுக்குவோம். அமுக்காண்டாம்! யூரோதான். ரூபாயை அமுக்கினா அந்தக் கடைக்கார பேங்கு தனக்கு இஷ்டப்பட்ட விலையில மாத்தும். அதுக்கு மேல இங்க உள்ள பேங்கு சிலது, "வெளிநாட்டுல ரூபாயில கொடுத்தியா, எடு கட்டணம்"னு தனியா ஒண்ணு பிடிக்கும். ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், பதில் அதேதான்.

யூரோவுல கொடுத்தாலும் நம்ம பேங்கு அதை ரூபாயா மாத்தக் கூலியா, மார்க்கப்புன்னு பொதுவா 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மார்க்கப் குறைஞ்ச கார்டு, இல்லாத கார்டும் உண்டு. வாங்குததா இருந்தா அதைப் பாத்து வாங்குங்க. சார் கணக்கு வாத்தியார்லா, நீங்களே போட்டுப் பாருங்க.

பென்ஷன் கார்டு ரூபேயான்னு பாருங்க. ரூபேயில உள்நாட்டுக்கு மட்டும் உள்ளதும் உண்டு. வெளிநாட்டுக்கானது பெரும்பாலும் டிஸ்கவர், டைனர்ஸ்ங்க வெளிநாட்டு கார்டு கம்பெனிங்க வழியா ஓடும். அதை மட்டும் நம்பி ஜெர்மனிக்குப் போகாண்டாம். விசா (Visa) கார்டோ மாஸ்டர் கார்டோ ஒண்ணு கையில வேணும்.

கருங்கல் பொண்ணு, இப்போ ஹெஸ்ஸன்:

அங்கிள், நானும் இங்க நர்ஸ்தான். கப்பல் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா ஜெர்மனியில கார்டை மட்டும் நம்பி வெளிய இறங்காதீங்க. பெரிய சூப்பர் மார்க்கெட்டுல விசா, மாஸ்டர் எல்லாம் எடுப்பாங்க. சின்ன பேக்கரி, சந்தை, சில சாப்பாட்டுக்கடையில இந்த நாட்டு பேங்கு கொடுக்க ஜிரோகார்டு (girocard) இல்லேன்னா நோட்டுதான். "கார்டு எடுப்போம்"னு சொல்லுவாங்க, அது ஜிரோகார்டை மட்டும் சொன்னதா இருக்கும்.

ஒரு யூரோ காசு எப்பவும் ரெண்டு மூணு பாக்கெட்டுல கிடக்கட்டும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒண்ணோடொண்ணு சங்கிலி போட்டுக் கிடக்கும். கைப்பிடியில காசைச் செருகினாத்தான் சங்கிலி விடும், திரும்பக் கொண்டு விட்டா காசு வெளிய வரும். எங்க அம்மை முதல் நாள், வண்டிக்கு வாடகை வாங்குதான்னு சண்டைக்கே போயிட்டா.

ஃபாரெக்ஸ் கார்டும் யோசியுங்க. இங்க இருந்தே யூரோ நிறைச்சு வச்சுட்டா விலை அன்னைக்கே உறுதி, பின்ன ஏறினாலும் கவலை இல்லை. ஜெர்மனியும் இத்தாலியும் யூரோதான், அதனால மாத்து கட்டணம் வராது. சுவிட்சர்லாந்து பக்கம் எட்டிப் பாத்தீங்கன்னா அங்க ஃபிராங்க், அப்போ வரும்.

குளச்சல் கப்பல்காரன்:

தங்கச்சி சொல்லது சரிதான், செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு கொள்ளாம். ஆனா ரோம்ல ஹோட்டல்ல முன்பணம்னு ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பான். ஃபாரெக்ஸ் கார்டுல பிடிச்சா உங்க சொந்தப் பைசா அத்தனை நாள் முடங்கிக் கிடக்கும், சில இடத்துல அந்தக் கார்டை எடுக்கவே மாட்டான். கிரெடிட் கார்டுன்னா லிமிட்டுல பிடிச்சுட்டு விட்டுருவான்.

சார், வயசைச் சொல்லி விரட்டினாங்கன்னா சவத்தை விடுங்க, வேற பேங்குல நிரந்தர வைப்பு ஒண்ணு போட்டு அதுக்கு மேல கிரெடிட் கார்டு கேளுங்க. வருமானக் கணக்கைத் துருவ மாட்டாங்க, வைப்புத் தொகையில பெரும் பங்கை லிமிட்டாத் தருவாங்க, வைப்புக்கு வட்டியும் வந்துட்டு இருக்கும். ஆனா அதை ஏடிஎம்ல செருகாண்டாம். கிரெடிட் கார்டுல நோட்டு எடுத்தா அன்னைக்கே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணமும் தனி. நோட்டு எடுக்கதுக்கு ஃபாரெக்ஸ் கார்டு.

குலசேகரம் கணக்கு வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரி வேற ஒரு பேங்குல வைப்புப் போட்டு எழுதிக் கொடுத்தாச்சு. அங்க இருந்த பிள்ளை வயசைப் பத்தி வாயே திறக்கலை. மார்க்கப் எவ்வளவுன்னு கேட்டேன், புத்தகத்தைப் பாத்துத்தான் சொல்லிச்சு.

கணக்கும் போட்டுப் பாத்தேன். எளுப்பத்துக்கு யூரோ 100 ரூபாய்ன்னு வச்சுக்கிட்டா, 100 யூரோவுக்கு 10,000 ரூபாய். மார்க்கப் 350, அதுக்கு ஜிஎஸ்டி 63. ஆக 413 ரூபாய் சும்மா போகும், அதாவது 4.13 சதவீதம். மூணு லட்சம் செலவழிச்சா 12,390. அதுக்கு இங்க ஒரு மாசம் ரெண்டு பேரும் சாப்பிடலாம். மார்க்கப் குறைஞ்ச கார்டாத்தான் கேட்டு வாங்கியிருக்கேன்.

ரெண்டு சந்தேகம் பாக்கி. அந்தப் பையன் போன்ல கூப்பிட்டு, கிரெடிட் கார்டுன்னா இருபது சதவீதம் வரி பிடிப்பாங்கன்னு வெரட்டுதான். நிஜமா? இன்னொண்ணு, வீட்டுக்காரிக்கும் தனிக் கார்டு வேணுமா? எங்க போனாலும் ஒண்ணாத்தான் போவோம்.

வடசேரி ஆடிட்டர் ஆபீஸ்:

வரி விஷயம் நான் சொல்றேன். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும், வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோக ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புள்ள திட்டத்துக்குள் கொண்டுவர 2023 மே மாதம் அறிவிப்பு வந்தது. ஜூன் கடைசியில் அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்தத் திட்டத்துக்குள் வரும் செலவுக்குத்தான் வரிப் பிடித்தம் என்பதால், கிரெடிட் கார்டு செலவுக்கு அது இல்லை. ஃபாரெக்ஸ் கார்டும் டெபிட் கார்டும் திட்டத்துக்குள் வரும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்குத்தான் பிடித்தம். அப்படிப் பிடித்தாலும் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் செலவுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

குளச்சல் கப்பல்காரன்:

சாருக்க வீட்டம்மைக்கும் ஆட்-ஆன் கார்டு, அதாவது உங்க கிரெடிட் கார்டு கணக்குலயே அவங்க பேருல இன்னொரு கார்டு, ஒண்ணு எழுதிக் கொடுங்க. ரோம் மெட்ரோவுல வாசல்ல கார்டைத் தொட்டே உள்ள போகலாம், ஒரு தடவைக்கு ஒண்ணரை யூரோ. ஆனா ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டைத் தொட்டு ரெண்டு பேரும் சாட முடியாது. தொட்டுக் கொடுக்கச் சுவிட்சை ரெண்டு கார்டுலயும் திறந்து வைங்க. இத்தாலியில கடைக்காரன் கார்டு வேண்டாம்னு சொன்னா அபராதம் உண்டு, 2022-ல இருந்து. அதனால காப்பி குடிக்கவும் தைரியமா நீட்டுங்க.

ரெண்டு கார்டையும் ஒரே பர்சுல வைக்காண்டாம். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு அவங்ககிட்ட, ஃபாரெக்ஸ் கார்டு ஹோட்டல் பெட்டியில. கார்டுக்குப் பின்னால இருக்க 1800 நம்பர் பொதுவா அங்க இருந்து கிடைக்காது. பேங்குக்க 91-ல தொடங்குற நம்பரைக் கேட்டு வாங்கி, போன்ல மட்டும் இல்லாம பாஸ்போர்ட்டுக்க உள்ளயும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வைங்க. கார்டு போயிட்டுன்னா அந்த நிமிஷமே ஆப்புல வெளிநாட்டுச் சுவிட்சை அணைச்சுட்டு, பின்னதான் போன் பண்ணணும். நீங்க செய்யாத செலவு ஒண்ணு மெசேஜா வந்தா மூணு வேலை நாளுக்குள்ள பேங்குக்குச் சொல்லிரணும். தப்பு உங்க பக்கமும் இல்லை, பேங்கு பக்கமும் இல்லைன்னா, அந்தக் கெடுவுக்குள்ள சொன்னா நஷ்டம் உங்க தலையில விழாதுன்னு 2017-லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. பின் நம்பரை நீங்களே யாருக்காவது சொல்லிக் கொடுத்திருந்தா அது நடக்காது, பாத்துக்கிடுங்க.

குலசேகரம் கணக்கு வாத்தியார்:

சரி தம்பி. ஆட்-ஆனுக்கு நாளைக்கே எழுதிக் கொடுக்கேன். அந்த 91 நம்பரையும் அப்பவே கேட்டு வாங்கிருதேன்.