மறு: சிஸ்ட் – நீர்க்கட்டியா, கழலையா, பைக்கட்டியா?

நண்பர்களே,

சிஸ்ட் (cyst) என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் எதை எழுதுவது என்று மூன்று நாளாக ஓடும் இழையில் நானும் தலையை நீட்டுகிறேன். நான் மருத்துவன் இல்லை. நோயாளிகள் கையில் கொடுக்கும் துண்டறிக்கைகளைத் தமிழில் எழுதித் தருவது என் பிழைப்பு, அதனால் இந்தச் சொல்லோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன்.

> நீர்க்கட்டி என்று ஊரே சொல்கிறது. அப்படியே விட்டுவிடலாமே?

ஊர் சொல்வது சரிதான், ஆனால் எல்லாவற்றிலும் நீரா இருக்கிறது? என் மாமாவுக்கு முதுகில் ஒன்று இருந்தது, நடுவில் கரும்புள்ளியோடு. கொழுப்புக் கட்டி என்றே வீட்டில் பேச்சு. ஒருநாள் மாமி அதைப் பிதுக்க, கெட்டித்தயிர் மாதிரி ஒன்று வந்தது, கூடவே தாங்கமுடியாத நாற்றம். அது நீரும் இல்லை, கொழுப்பும் இல்லை. நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே கெரட்டின். போய்விட்டது என்று நினைத்தார்கள், எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்து நின்றது. அப்புறம் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து அறுத்து எடுத்த டாக்டர், தட்டில் வைத்துக் காட்டினார்: தோல் உரிக்காத நுங்குச்சுளை போல, முழுசாக, வெள்ளையாக. "இந்தப் பையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் திரும்ப வரும்" என்றார்.

என் வாதமே இந்தப் பைதான். சிஸ்ட் என்றால் தனக்கென்று உள்தோல் உள்ள பை. உள்ளே நீர் இருக்கலாம், கூழ் இருக்கலாம், சூலகத்தில் (ஓவரியில்) வரும் டெர்மாய்டு வகையில் முடியும் பல்லும்கூட இருக்கும். கிரேக்க மூலச்சொல்லுக்கும் பை என்றுதான் பொருள், சிறுநீர்ப்பை அழற்சியைச் சிஸ்டைட்டிஸ் என்பதும் அதனால்தான். சீழ்க்கட்டிக்கு இப்படி ஓர் உள்தோல் கிடையாது, கீறிச் சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் ஆறிவிடும். சிஸ்டை வெறுமனே கீறிவிட்டால், உள்தோல் மறுபடி சுரந்து நிரப்பிவிடும். இரண்டையும் 'கட்டி' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், 'அதை உடைச்சு விட்டாப் போதுமே' என்று நோயாளி நினைப்பதில் என்ன தவறு?

ஆகவே என் முன்மொழிவு: பைக்கட்டி.

> பைக்கட்டி என்றால் பள்ளிக்கூடப் பைக்கட்டு நினைவுக்கு வருகிறது ஐயா :)

வரட்டுமே, அதுவும் தூக்கிச் சுமப்பதுதானே. கழலை என்ற பழஞ்சொல்லை ஒருவர் நினைவூட்டியிருந்தார், அழகான சொல், ஆனால் கழுத்தில் தைராய்டு வீங்குவதற்கு அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. இனி அதைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

நாடாப்புழுவால் கல்லீரலில் வருகிற ஹைடாடிட் வகைக்கு இந்தச் சொல் இன்னும் பொருந்தும். அங்கே பை கிழிந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், சிந்திய இடங்களில் புதுப் பைகளும் முளைக்கும். அதனால்தான் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை கொடுத்துவிட்டு, அளந்து அளந்து கை வைக்கிறார்கள். சிறுநீரகத்தில் ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கும் இருக்கிற சாதாரணப் பைக்கட்டிக்கு வேறு கதை: தொந்தரவு இல்லாவிட்டால் ஒன்றும் செய்வதில்லை. மாதவிடாய்ச் சுழற்சியையொட்டிச் சூலகத்தில் வருவதும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாக எதிர்க்கிறேன். பிசிஓஎஸ் (PCOS) என்ற ஹார்மோன் கோளாறை 'கருப்பை நீர்க்கட்டி' என்று எழுதுகிறார்களே, அதில் கருப்பையும் தவறு, கட்டியும் தவறு. ஸ்கேனில் மாலை கோத்தது போலத் தெரிபவை சூலகத்தில் முதிராமல் நின்ற முட்டைப்பைகள், 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவு. வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. உடல் எடை, ஹார்மோன், இன்சுலின் பக்கம்தான் சிகிச்சை. கட்டி என்ற சொல்லைக் கேட்டுவிட்டு "ஆபரேஷன் எப்போ?" என்று அழுதுகொண்டு வருகிற பெண்பிள்ளைகளை எழுதி எழுதியே உண்டாக்கியிருக்கிறோம்.

சரி, என் சொல்லுக்கும் ஓட்டை உண்டு. மணிக்கட்டில் வரும் கேங்க்லியான் என்ற வீக்கத்துக்கு உண்மையான உள்தோல் இல்லை. ஊசியால் உறிஞ்சினால் திரும்ப வருவது சகஜம், பல நேரம் தானாகவும் போய்விடும். கணைய அழற்சிக்குப் பின் திரவம் தேங்கி உண்டாகும் சூடோசிஸ்டும் அப்படித்தான். உள்தோல் இல்லாததால் பையை எடுக்காமல் இரைப்பைக்குள் வடியவிட்டே சரிசெய்ய முடிகிறது. இவற்றுக்குப் போலிப் பைக்கட்டி என்று எழுதிவருகிறேன். ஆனால் 'போலி' என்றதும் நோயே பொய் என்று ஒரு பெரியவர் எடுத்துக்கொண்டார், பொய்ப்பை என்றாலும் அதே சிக்கல். அமீபா என்ற நுண்ணுயிர் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்வதையும் சிஸ்ட் என்பார்கள், அதை உறை என்று தனியே வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. இந்தப் 'போலி'க்கு மட்டும் யாராவது நல்ல முன்னொட்டு தாருங்கள், வெள்ளிக்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது.