நேரலையில் ஒலி மெல்லப் பின்தங்குகிறது, உதவி தேவை

வணக்கம். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் தொலைக்காட்சித் தயாரிப்பு வகுப்புக்கு உதவப் போய்வருகிறேன். பிள்ளைகள் செய்யும் பத்து நிமிடக் காலைச் செய்தியில் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து நேரலையில்தான் சிக்கல். தொடக்கத்தில் சரியாக இருக்கும் வர்ணனை, ஒரு மணி நேரத்தில் வாயசைவுக்கு அரை நொடி பின்னால் போய்விடுகிறது. மூன்று வாரமாக இப்படித்தான்.

மூன்று கேமராக்கள், நான்கு ஹெச்டிஎம்ஐ உள்ளீடுள்ள ஸ்விட்சர் (எந்தக் கேமராவின் படம் போகணும் என்று மாற்றும் கருவி), அங்கிருந்து யூஎஸ்பி வழியாக விண்டோஸ் 11 மடிக்கணினியில் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள். மைக்குகள் மட்டும் தனி யூஎஸ்பி மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) வழியாக அதே மடிக்கணினிக்கு வருகின்றன.

எல்லாவற்றையும் ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், படத்துக்கு நொடிக்கு 29.97 ஃபிரேம் என்று ஒன்றாக்கிவிட்டேன். கேபிள்களையும் மாற்றினேன். ஓபிஎஸ்ஸில் சிங்க் ஆஃப்செட் (ஒலியை முன்பின் நகர்த்தும் அமைப்பு) வைத்தால் கொஞ்ச நேரம் தாங்குகிறது, அப்புறம் மறுபடி விலகல். அது கூடிக்கொண்டே போவதால், ஸ்விட்சர், மிக்சர் இரண்டின் உள் கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

வர்ணனை செய்யும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இந்தப் பதிவைத்தான் கல்லூரி விண்ணப்பத்தோடு அனுப்பப் போகிறாள். அவளுடைய உழைப்பு வீணாகக் கூடாது. அடுத்த ஆட்டம் இந்த வெள்ளிக்கிழமை.

மிக்சர் ஒலியை ஸ்விட்சரின் மைக் உள்ளீட்டில் கொடுத்து, படத்தோடு ஒரே யூஎஸ்பியில் அனுப்பினால் இந்த விலகல் நிற்குமா?