நியூரோபிளாஸ்டிசிட்டி: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சி இயன்முறை மருத்துவர், திங்கள் காலை:

கலைச்சொல் இணையக் குழு அவையோருக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்காக 16 பக்கக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பக்கத் தலைப்பு மட்டும் நிற்கிறது. நியூரோபிளாஸ்டிசிட்டிக்குத் தமிழில் என்ன போடுவது?

அந்தப் பக்கத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இரத்தம் போகாமல் செத்த மூளை அணுக்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் விடாமல் பயிற்சி செய்தால், பிழைத்திருக்கும் அக்கம்பக்கத்துப் பகுதிகள் அவற்றின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே விழுந்த கையை மடியிலேயே கிடத்தி வைக்காதீர்கள்.

'நரம்பு நெகிழ்ச்சி' என்று எழுதி ஒரு நோயாளியின் மனைவியிடம் காட்டினேன். "நரம்புத் தளர்ச்சியா அம்மா? அதுவும் சேர்ந்துகொண்டதா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், திங்கள் மதியம்:

அந்த அம்மா கேட்டதில் தவறே இல்லை. விடுதியில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்கள் 'நரம்பு' என்ற சொல்லைச் சுவரொட்டிகளில் எப்போதோ கெடுத்துவிட்டார்கள். மூளை என்றே வையுங்கள்.

நெகிழ்ச்சியின் கதையும் அப்படித்தான். பொருளியல் மாணவனுக்கு அது தேவை நெகிழ்ச்சி. செய்தித்தாளில் நெகிழ்ச்சி என்றால் யாரோ கண்ணீர் விட்டிருக்கிறார்கள். நெகிழி என்று எழுதினால் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட பை நினைவுக்கு வரும். 'மூளை மீள்திறன்' என்று போடுங்களேன். படிப்பவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

யாழ்ப்பாண இயற்பியல் ஆசிரியர், திங்கள் இரவு:

தெம்பாக இருக்கலாம், பிழையாகவும் இருக்கும். எங்கள் வகுப்பில் மீள்தன்மை என்றால் இறப்பர் நாடா. இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே வரும். பிளாஸ்டிசிட்டி அதற்கு நேர் எதிரானது: அழுத்தினால் தடம் தங்கும். பாரிசவாதம் வந்த மூளை பழைய நிலைக்கு மீளுவதில்லை என்று தங்கச்சியே எழுதியிருக்கிறா. அது வேறோர் ஏற்பாடு செய்துகொள்கிறது. எதிர்ப்பண்பின் பெயரைச் சூட்டினால் உப்புப் போத்தலில் சீனி என்று ஒட்டிய கதைதான்.

பாபநாசம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய்:

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. தடம் தங்கும் பொருள் எது? களிமண். கிரேக்க மூலச்சொல்லும் மண்ணைப் பிசைந்து உருவாக்குவதைத்தான் குறிக்கிறது. அந்தத் தொழிலுக்கு நம்மிடம் தனி வினையே இருக்கும்போது நெகிழ்வதும் மீள்வதும் எதற்கு? வனைதல்! மூளை வனைமை.

சான்று கேட்பீர்கள். புறநானூறு 32. சோழன் நலங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடுகிறார்: "வேட்கோச் சிறாஅர் தேர்க்கால் வைத்த பசுமண் குரூஉத்திரள்." குயவர் வீட்டுப் பிள்ளைகள் சக்கரத்தில் வைத்த பச்சை மண் அவர்கள் நினைத்த உருவெல்லாம் எடுப்பது போல, இந்த நாடு அவன் முடிவுப்படி ஆகுமாம். பிளாஸ்டிசிட்டிக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எந்த மொழியில் உண்டு?

நெகிழ் என்ற வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பழைய வடிவம் ஞெகிழ். அகப்பாடல்களில் நெகிழ்வது எது? தலைவியின் தோள், அதிலிருந்து நழுவும் தொடி. இளைப்பு, தளர்வு, பிரிவுத்துயர். நோயாளிக்குக் கொடுக்கக் கூடிய சொல்லா இது? ஞெகிழி என்றாலோ கொள்ளிக்கட்டை. காலில் அணியும் சிலம்புக்கும் அதே பெயர். கொள்ளிக்கும் சிலம்புக்கும் பொதுவானது என்ன என்று பலநாள் யோசித்திருக்கிறேன். தீயில் உலோகம் இளகுவதால்தான் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் தனிமடலில் வரலாம்.

கோவை நரம்பியல் ஆய்வு மாணவர், செவ்வாய் இரவு:

ஐயா, புறநானூற்றுப் பாட்டைப் படித்துச் சிலிர்த்தேன். ஆனால் அதில் நாடு மண், சோழன் குயவன். மூளையில் சோழன் யார்? வனை என்பது செயப்படுபொருள் வேண்டும் வினை. ஒருவர் வனைய வேண்டும், இன்னொன்று வனையப்பட வேண்டும். இங்கே மண்தான் தன்னை வனைந்துகொள்கிறது.

பச்சை மண் உவமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1890இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பிளாஸ்டிசிட்டியை விளக்கியபோது, அழுத்தத்துக்கு இணங்கும் அளவுக்கு இளக்கமும், ஒரேயடியாக இணங்கிவிடாத அளவுக்கு உறுதியும் வேண்டும் என்றார். பச்சை மண்ணில் இரண்டாவது இல்லை. 'குழைவு' என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: 'மூளைக்குழைவு' என்றால் தண்ணீர் கூடிப்போன சோறுதான் கண்ணில் நிற்கும்.

எங்கள் துறையில் சிலர் 'தகவமைவு' என்கிறார்கள். அதிலும் எனக்கு ஒரு மனக்குறை. மூளை மாறுவதெல்லாம் தகுந்தபடி மாறுவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரலில் தொடுவதாகச் சிலர் சொன்னார்கள். மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் அண்டை வீடுகள். கை காலிசெய்த வீட்டில் முகம் குடியேறிவிட்டது என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை இன்று மறுப்பவர்களும் உண்டு, அது இருக்கட்டும். இல்லாத கையில் இருக்கும் வலியை எந்தத் தகவில் சேர்ப்பது?

மதுரை நூலகர், புதன்:

நீண்ட நாளாக வாசித்து மட்டும் வந்தவன். ஒரு சொல்லை வைத்துப் பார்க்கிறேன்: உருவேற்பு. உரு என்றால் வடிவம். வாய்ப்பாட்டை உருப்போடுகிறோம், மந்திரத்துக்கு உருவேற்றுகிறோம். இரண்டும் திரும்பத் திரும்பச் செய்வதுதான். மருத்துவர் சொல்லும் பயிற்சியும் அதுதானே?

சென்னை மொழிபெயர்ப்பாளர், புதன்:

அடடா. மூன்று நாள் சத்தத்தில் இதுதான் சொல். என் வாக்கு இதற்கு.

யாழ்ப்பாண இயற்பியல் ஆசிரியர், புதன்:

எனக்கும் பிடித்திருந்தது, அம்மாவிடம் சொல்லிப் பார்க்கும் வரைக்கும். எங்கள் பக்கத்தில் உருவேறுவது கோயிலில் சாமியாடுபவர்களுக்கு. "ஆருக்கு உருவேறினது?" என்று விபூதித் தட்டோடு வந்துவிட்டா. கையேட்டைப் படித்தவர்கள் பூசாரியைத் தேடிப் போனால் நாங்கள் பொறுப்பில்லை.

பாபநாசம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதன் இரவு:

சாமியாட்டத்துக்கு அஞ்சி நல்ல சொல்லைக் கைவிடுவது கோழைத்தனம். ஆயினும் என் ஆதரவு வனைமைக்கே. மாணவத் தம்பிக்கு: மண்ணும் குயவனும் வேறு வேறு என்று யார் சொன்னது? எல்லாம் ஒன்று என்னும் நிலையில் நின்று பார்த்தால்...

இழைப் பொறுப்பாளர், புதன் இரவு:

அத்வைதத்தைத் தயவுசெய்து வேறு இழைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. நெகிழ்திறன் (நெகிழ்ச்சிக்குப் பதிலாக), தகவமைவு, வனைமை, உருவேற்பு: வியாழன் மாலைக்குள் வாக்களியுங்கள்.

திருச்சி இயன்முறை மருத்துவர், வியாழன்:

வாக்கெடுப்புக்கு நன்றி. நெகிழ்திறன் 7, தகவமைவு 4, உருவேற்பு 3, வனைமை 1. முதலிடம் பெற்றதற்கு வாக்களித்தவர்களில் நான்கு பேர் 'வேறு வழியில்லை' என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே மனநிலைதான். 'மூளையின் நெகிழ்திறன்' என்று தலைப்பில் போட்டுவிட்டேன். யாழ்ப்பாண ஆசிரியரின் அம்மா முன்கூட்டியே எச்சரித்துவிட்டதால் விபூதித் தட்டுக்கு வேலையில்லை.

ஆனால் தலைப்புக்குக் கீழே அந்தச் சொல்லை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. காரணம் இன்று காலை நடந்தது. நல்ல கைக்கு உறையை மாட்டிவிட்டு, விழுந்த கையாலேயே எல்லாம் செய்ய வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி. ஒரு பெரியவர் அதில் ஒன்பதாம் நாளில் இருக்கிறார். தம்ளரைத் தூக்கி, பாதியைச் சட்டையில் ஊற்றி, மீதியைக் குடித்தார். முதலில் நரம்புத் தளர்ச்சியா என்று கேட்டாரே, அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "கை பழகுகிறது" என்றார். உள்ளே முழுக்க 'மூளை பழகும்', 'மூளை புதுவழி பழகும்' என்றே எழுதியிருக்கிறேன். இது கலைச்சொல் இல்லை என்று தெரியும்.

கோவை நரம்பியல் ஆய்வு மாணவர், வியாழன்:

இது எப்படிக் கலைச்சொல் ஆகாது? பழகுமை என்றால் நான் ஆய்வேட்டிலேயே போட்டுவிடுவேன்.

பாபநாசம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாழன் இரவு:

பழக்கம் வேறு, பண்பு வேறு. கையேட்டுக்குப் பழகலாம், அகராதிக்குப் பழகாது. வனைமைக்கு விழுந்த அந்த ஒரு வாக்கு என்னுடையது என்பதை ஆவணத்தில் பதியவும்.

திருச்சி இயன்முறை மருத்துவர், வெள்ளி காலை:

அவசரம். அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவர் தலைப்பை 'நெகிழ்த்திறன்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். ஒற்று மிகுமா?

பாபநாசம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளி காலை, இரண்டு நிமிடம் கழித்து:

மிகாது. வினைத்தொகை. ஆனால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.