பாய்மரப் படகில் பழைய ஊசல் அடுப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது எப்படி?

அலைவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பத்தரை மீட்டர் நீளமுள்ள எங்கள் பாய்மரப் படகின் சமையல் பகுதி இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மாடத்துக்குள், இரண்டு பர்னர்களும் கீழே ஒரு சிறு ஓவனும் கொண்ட எரிவாயு அடுப்பு, படகு சாய்ந்தாலும் பாத்திரம் மட்டமாக நிற்கும்படி இருபக்க அச்சுகளில் தொங்குகிறது. படகு கட்டப்பட்டபோதே பொருத்தப்பட்டது அது. இப்போது ஓவனின் அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு பர்னர், குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை எரிகிறது; கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. உதிரிபாகங்கள் கிடைப்பதில்லை என்பதால் அடுப்பையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மாடத்தின் அகலம் 535 மி.மீ. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் புதிய அடுப்பின் அகலம் 500, ஆழம் 460, அச்சிலிருந்து அடிப்பாகம் வரை 400 மி.மீ. பழைய அடுப்பின் ஆழம் 410, அச்சுக்குக் கீழே 330 மட்டுமே. அச்சு மட்டத்தில் பின்சுவர் அச்சிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்கிறது, படகின் உடல் கீழே போகப் போக உள்நோக்கி வளைவதால், 400 மி.மீ. கீழே அந்த இடைவெளி 340 ஆகக் குறைகிறது. நேராக வைத்துப் பார்த்தால் புதியது தாராளமாக உள்ளே போகும் என்றே தோன்றுகிறது. இது சரியா? பழைய குழாயையும் ரெகுலேட்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது எரிவாயுவையே விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்குப் போவதுதான் நல்லதா?

நங்கூரக்கல் (பதில்):

வணக்கம் அலைவழி. அளவுகளை இவ்வளவு தெளிவாகக் கொடுத்தது மிகவும் உதவியாக இருக்கிறது, ஏனெனில் அவற்றை வைத்தே சொல்லிவிடலாம்: நீங்கள் பார்த்திருக்கும் அடுப்பு துறையில் நிற்கும்போது பொருந்தும், கடலில் பொருந்தாது.

உண்மையில் அசைவது படகுதான். அடுப்பு மட்டமாகவே நிற்கிறது. ஆனால் மாடத்துக்குள் இருந்து பார்த்தால் அடுப்பு ஆடுவதாகத்தான் கொள்ள வேண்டும். படகு இடப்பக்கமாகச் சாயும்போது அடுப்பின் அடிப்பாகம் பின்சுவரை நோக்கிப் போகும். வலப்பக்கமாகச் சாய்ந்தால் சமைப்பவரின் முழங்காலை நோக்கி வெளியே வரும். பின்சுவருக்கு மிக அருகில் போவது அடியில் உள்ள பின்மூலை. அச்சு ஆழத்தின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 டிகிரி சாய்வில் பழைய அடுப்பின் அந்த மூலை அச்சிலிருந்து சுமார் 325 மி.மீ. தூரத்துக்குப் பின்னால் போகும். உங்கள் சுவர் அதற்கு இடம் கொடுத்தது. புதிய அடுப்பிலோ அதே மூலை சுமார் 377 மி.மீ. வரை போக வேண்டும். அந்த உயரத்தில் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 360 தான். ஆகவே 20 டிகிரியைத் தாண்டியதும் அடுப்பு சுவரில் முட்டி நின்றுவிடும். முட்டி நின்ற அடுப்பு அதற்கு மேல் மட்டமாக இருக்காது. படகோடு சேர்ந்து தானும் சாயும். கொதிக்கும் பாத்திரம் அதன் மேல் இருக்கும் நேரத்தில் இது நடக்கும் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆழம் குறைந்த, உயரம் குறைந்த அடுப்பைத் தேடுவதே முதல் வழி. அச்சுத் தாங்கிகளைப் பின்சுவரை விட்டுச் சிறிது முன்பக்கமாக நகர்த்துவதும் முடியும். ஆனால் அப்போது அடுப்பின் முன்பக்கம் நடைவழிக்குள் கூடுதலாக நீளும். நகர்த்தினால் தாங்கிகளை வெறும் திருகுகளால் பிளைவுட்டில் முடுக்காதீர்கள். மறுபக்கம் தகடு வைத்துப் போல்ட் போட்டு இறுக்குங்கள். அச்சு முனை உட்காரும் பள்ளத்தின் மேல்வாயை மூடும் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பேரலையில் படகு புரண்டால், அந்தப் பூட்டு இல்லாத அடுப்பு தாங்கியை விட்டுக் கழன்று அறைக்குள் பாயும்.

வாங்குவதற்கு முன் தடித்த அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து, இப்போதுள்ள தாங்கிகளிலேயே தொங்கவிட்டு இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். மேலே ஒரு பாத்திரத்தையும் வைத்து ஆட்டுங்கள். படகு வலப்பக்கம் சாயும்போது பாத்திரத்தின் விளிம்பு பின்பக்கத் தட்டில் இடிப்பதைப் பலர் பொருத்திய பிறகே கவனிக்கிறார்கள்.

செம்புக்குழல் (பதில்):

அளவு பற்றி நங்கூரக்கல் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் எரிவாயுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அடுப்பை மட்டும் மாற்றினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு, போதாது என்பதே என் பதில். சிலிண்டர் வால்விலிருந்து பர்னர் வரை உள்ள முழு வழியையும் ஒரே பொருளாகக் கருதுங்கள்.

புரோப்பேன் வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாகவாவது கொஞ்சம் வெளியேறும். படகின் உடல் அடைத்த தொட்டி. கசிந்த வாயு படுக்கைகளுக்கும் தரைப் பலகைக்கும் கீழே இறங்கி, படகின் அடிக்குழியில் தேங்கிவிடும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் புரோப்பேன் கலந்தாலே தீப்பற்றப் போதும். அடிக்குழியில் நீர் இறைக்கும் பம்பின் சுவிட்சில் எழும் ஒரு பொறி அதற்குப் போதுமானது.

முதலில் ரெகுலேட்டர். புதிய அடுப்பின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் எத்தனை மில்லிபார் அழுத்தத்துக்கானது என்று எழுதியிருக்கும். 30 மில்லிபாருக்கான அடுப்புகளும் உண்டு, 37-க்கும் 50-க்கும் ஆனவையும் உண்டு. ரெகுலேட்டரில் பொறித்திருக்கும் எண் அதனோடு ஒத்துப்போக வேண்டும். "கிட்டத்தட்ட" என்பதற்கு இங்கே இடமில்லை. பல ஆண்டுகள் உப்புக்காற்றில் இருந்த ரெகுலேட்டர் என்றால், எண் ஒத்திருந்தாலும் புதியது வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஹோஸ். தொங்கும் அடுப்புக்கு வளையும் ஹோஸ் கட்டாயம் தேவை. அடுப்பு இரு திசைகளிலும் முழுதாக ஆடும்போது அது இழுபடவோ, மடங்கவோ, எந்த விளிம்பிலும் உரசவோ கூடாது. ஹோஸின் மேல் உற்பத்தி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சிலிண்டர் பெட்டியிலிருந்து அடுப்புக்கு அருகில் உள்ள இணைப்பு வரை செம்புக் குழாய் இடையில் மூட்டில்லாமல் ஒரே துண்டாக வர வேண்டும். அலமாரிக்குப் பின்னால் மறைவான ஒரு மூட்டு இருந்தால், அது கசிவதை யாரும் பார்க்க முடியாது. விரித்த முனை கொண்ட ஃப்ளேர் இணைப்புகளில் டேப்போ பசையோ சுற்றாதீர்கள். உலோகமும் உலோகமும் நேராகப் பதிந்துதான் அங்கே அடைப்பு உண்டாகிறது.

நீங்கள் சொன்ன அந்த அணைந்துபோகும் பர்னரைப் பற்றி ஒரு வார்த்தை. சுடரின் சூட்டில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கும் வெப்ப இணை அங்கே பழுதாகியிருக்கிறது அல்லது சுடருக்கு வெளியே நகர்ந்திருக்கிறது. மாற்றும் வரை அந்தப் பர்னரைப் பயன்படுத்த வேண்டாம். குமிழில் எதையாவது செருகி எரிய வைப்பதை யாரும் செய்யவே கூடாது. படிவாசல் வழியாக வரும் காற்று சுடரை அணைத்துவிட்டால் வாயுவை நிறுத்துவது அந்த ஒரே பாகம்தான். சிறு படகுகளின் எரிவாயு அமைப்புக்கான ஐஎஸ்ஓ 10239 தரம் ஒவ்வொரு பர்னருக்கும் அதைக் கேட்கிறது. வீட்டு அடுப்பையோ முகாம் அடுப்பையோ மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம்.

சூரியத்தகடு (பதில்):

மின்சாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எரிவாயுவே இல்லாத படகை நானும் விரும்புகிறேன். செம்புக்குழல் எழுதியிருக்கும் கவலைகள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். இருந்தாலும் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை 12 வோல்ட் மின்கலத்திலிருந்து இயக்கினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 185 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். அதற்கேற்ற தடித்த கேபிளும், அந்த ஓட்டத்தைத் தாங்கும் ஃபியூசும், லித்தியம் மின்கலங்களும் வேண்டும். 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்றில் இருப்பது சுமார் 1.28 யூனிட் மட்டுமே. இரண்டு பேருக்கு எளிமையாகச் சமைத்தாலே நாளொன்றுக்கு ஒரு யூனிட் வரை போய்விடும்; ஓவனும் வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய அமைப்பு தேவைப்படும்.

ஆகவே மின்கலங்களையும் சூரியத் தகடுகளையும் எப்படியும் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கே முழு மாற்றத்தைப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் எரிவாயு அடுப்பை முறையாகப் பொருத்திவிட்டு, துறையில் கரை மின்சாரம் கிடைக்கும் நாட்களுக்கு ஒரு சிறிய இண்டக்‌ஷன் தட்டை வைத்துக்கொள்ளலாம்.

அலைவழி:

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டைப் பெட்டி செய்து தொங்கவிட்டுப் பார்த்தோம்; நங்கூரக்கல் சொன்ன இடத்திலேயே முட்டியது. ஆழம் 420, அச்சுக்குக் கீழே 335 உள்ள வேறொரு அடுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ரெகுலேட்டர், ஹோஸ் இரண்டும் புதியவை. குழாயின் நடுவில் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூட்டு இருந்தது. அதையும் எடுத்துவிட்டு ஒரே துண்டாகக் குழாய் இழுக்கப் போகிறோம். பழைய அடுப்பைக் கழற்றும்போதும், வேலை முடிந்து சோதிக்கும்போதும் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

செம்புக்குழல்:

நல்ல முடிவு. கழற்றுவதற்கு முன் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, அடுப்பில் எரியும் சுடர் தானாக அணையும் வரை விடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் வாயு எரிந்து தீர்ந்துவிடும். பிறகு சிலிண்டரைக் கழற்றிப் படகுக்கு வெளியே வையுங்கள். ஓவன் கதவையும் பர்னர் தட்டுகளையும் முதலிலேயே எடுத்துவிட்டால் எடை வெகுவாகக் குறையும். படிவாசலின் அகலத்தைப் புதிய அடுப்பு வந்து சேர்வதற்கு முன்பே அளந்துவிடுங்கள், ஏனெனில் மேல்தளம் மூடப்படுவதற்கு முன்னால் உள்ளே வைக்கப்பட்ட பொருட்களும் சில படகுகளில் உண்டு.

சோதனைக்கு, ரெகுலேட்டருக்கு முன்னால் சிலிண்டர் பக்கத்தில் ஒரு அழுத்தமானி இருக்க வேண்டும். அடுப்புக் குமிழ்கள் எல்லாவற்றையும் மூடி, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு இருந்தால் அதையும் திறந்து, சிலிண்டரைத் திறந்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் சிலிண்டரை மட்டும் மூடுங்கள். மூன்று நிமிடமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். நான் பதினைந்து நிமிடம் காத்திருப்பேன். இறங்கினால் மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அம்மோனியா கலந்த சோப்பு பித்தளை இணைப்புகளில் விரிசல் உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது எந்த நிலையிலும் கூடாது.

எரிவாயு உணர்கருவியைத் தரைக்கு அருகில் தாழ்வாகப் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு கருவி உறங்குபவரின் மூச்சு மட்டத்தில் இருக்கட்டும். முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு அதே அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். அலை குலுக்கிய குலுக்கலில் புதிய நட்டு ஒன்று தளர்ந்திருந்தால், அப்போது தெரிந்துவிடும்.