அம்மாவின் பட்டன் போனுக்கு எந்த ரீசார்ஜ் போடலாம்? (பென்னாகரம் பக்கம்)

பென்னாகரம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓசூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். அம்மா பென்னாகரத்தைத் தாண்டி ஏரியூர் போகிற வழியில் எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். வயது 67. வைத்திருப்பது பட்டன் போன். அதில் 5-ஆம் எண் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, ஆனாலும் மாற்ற விடமாட்டார். சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஆடு மேய்க்கப் போவார். புளி சீசனில் நாளெல்லாம் உட்கார்ந்து புளி தட்டுவார். கையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும்போது போன் அடித்தால் புறங்கையால் பச்சை பட்டனை அமுக்கிப் பேசுவார். டச் போன் அவருக்குச் சரிப்படாது.

அவருக்கு வேண்டியது நானும் திருப்பூரில் இருக்கும் தம்பியும் கூப்பிட்டால் எடுக்கணும், அவர் எங்களைக் கூப்பிடணும், பேங்க் மெசேஜ் வரணும். முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் ஏறியதா என்று பக்கத்து வீட்டுப் பையன் அந்த மெசேஜைப் படித்துத்தான் சொல்வான். ரேஷன் கார்டிலும் இதே நம்பர்தான்.

அவருடைய ஏர்டெல் சிம்முக்கு 28 நாளைக்கு 199 ரூபாய் என்று இத்தனை காலமாகப் போட்டு வருகிறேன். அதில் வரும் 2 ஜிபி டேட்டாவை அம்மா தொட்டதே இல்லை. போன மாதம் ஓவர்டைம் நெருக்கடியில் தேதியை மறந்துவிட்டேன். அந்த வாரம் நானும் கூப்பிடவில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டு, "என் மேல கோவமா பாப்பா?" என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

டேட்டா இல்லாமல், பேசுவதற்கு மட்டும், அடிக்கடி போட வேண்டாத மாதிரி ஏதாவது பேக் இருக்கிறதா? சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் ரீசார்ஜ் கடை:

தங்கச்சி, இருக்கிறது. ஆனால் கேட்டு வாங்கணும். ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதெல்லாம் டேட்டா பேக்தான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. 13 முறை 199 போட்டால் 2,587 ரூபாய். 2024 டிசம்பரில் டிராய் (போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) ஓர் உத்தரவு போட்டது: டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் எல்லாக் கம்பெனியும் கொடுக்கணும், 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம் என்று. 2025 ஜனவரியில் அந்த பேக்குகள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, ஒரு வருஷத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1,748. இவை அப்போதைய விலை, பணம் கட்டுகிற அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1,849 என்றால் நீங்கள் இப்போது கட்டுவதைவிட வருஷத்துக்கு 738 ரூபாய் குறைவு.

ஆனால் விலை குறைவு என்று உடனே கம்பெனி மாறிவிடாதீர்கள். அம்மாவின் போன் 2ஜி போனா, 4ஜி போனா? பழைய பட்டன் போன் என்றால் பெரும்பாலும் 2ஜிதான். ஜியோவில் 2ஜி கிடையாது, 4ஜி எடுக்கும் போனில்தான் அந்த சிம் பேசும். போன வருஷம் ஒரு பெரியவர் யாரோ சொன்னார்கள் என்று நம்பரை ஜியோவுக்கு மாற்றிவிட்டு, சிம்மையும் போனையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் கடைக்கு வந்தார். போனில் சிக்னல் கோடே வரவில்லை. ஒருமுறை போர்ட் செய்தால், அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறினால், 90 நாளைக்குத் திரும்ப மாற முடியாது. புதுப் போன் வாங்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அரூர் வாசகர்:

அக்கா, எந்த பேக் போட்டாலும் நம்பரை விட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல், பேச்சும் மெசேஜும் எதுவும் இல்லாமல் 90 நாள் கிடந்தால் கம்பெனி இணைப்பை எடுத்துவிடலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தருவார்கள், அவ்வளவுதான். அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். என் மாமியார் நம்பர் அப்படித்தான் போனது. பேங்க், ஆதார், ரேஷன் கார்டு என்று எல்லா இடத்திலும் நம்பர் மாற்ற இரண்டு மாதம் அலைந்தோம்.

தேன்கனிக்கோட்டை வாசகர்:

போர்ட் போட நினைத்தால் அதற்கு முன் பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி சிம் வாங்கி, அம்மா போனில் போட்டு, வீட்டுக்குள் நின்று பேசிப் பாருங்கள். வாசலில் இல்லை, அடுப்படியில். எங்கள் காட்டுப் பக்கத்தில் தெருவில் நாலு கோடு காட்டும், கதவைத் தாண்டி உள்ளே வந்தால் ஒன்றும் இருக்காது. பிஎஸ்என்எல் டவர் பக்கத்தில் இருந்தால் அதையும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. போர்ட் செய்தால் பழைய பேக்கில் மீதி இருக்கும் நாள் போய்விடும். அது முடியப் போகிற சமயத்தில் 1900-க்கு மெசேஜ் அனுப்புங்கள். பதிலில் வரும் போர்ட் குறியீடு 4 நாள்தான் செல்லும்.

பென்னாகரம் மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக ஊருக்குப் போய் வந்தேன். ரீசார்ஜ் கடை அண்ணா கேட்டாரே என்று, 2ஜியா 4ஜியா எனப் போனை ஒரு கடையில் காட்டிக் கேட்டேன், 2ஜி தான். பக்கத்து வீட்டு அண்ணியிடம் வேறு கம்பெனி சிம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். திண்ணையில் பேச முடிந்தது, அடுப்படியில் பாதிப் பேச்சில் அறுந்தது. அம்மாவின் பழைய சிம் இரண்டு இடத்திலும் நன்றாக எடுத்தது. அதனால் கம்பெனியை மாற்றவில்லை.

1,849 ஒரே தடவையில் கட்ட இந்த மாதம் கை கொடுக்கவில்லை. 84 நாளுக்கு 469 போட்டேன். தீபாவளி போனஸ் வந்ததும் தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு வருஷ பேக் எடுத்துவிடுவோம். முடிகிற தேதிக்கு இரண்டு நாள் முன்பே அம்மா வீட்டுக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன், என் போனிலும் அலாரம் வைத்தாயிற்று.

நேற்று ராத்திரி அம்மாவே கூப்பிட்டார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதாம்.