ஆக்டிவேஷன், ஜெனியூன்: இரண்டு எச்சரிக்கைகளுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் உரிமத்தை உறுதிசெய்யும் 'ஆக்டிவேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடித் தொடங்கிய இந்த உரையாடல் இழையில் இதுவரை 'செயலாக்கம்', 'செயல்படுத்தல்', 'உயிர்ப்பித்தல்', 'முடுக்கம்' ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவை அனைத்தும் ஆங்கிலச் சொல்லின் வேரிலிருந்து பிறந்தவை என்பதால் அச்செயல் கணினிக்குள் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன என்பது என் கருத்து. 'விண்டோசைச் செயல்படுத்துக' என்று திரையில் தோன்றினால், அதைப் படிப்பவர் அந்த விண்டோசில் இருந்தபடிதான் படிக்கிறார். அது ஏற்கெனவே செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. கணினி முழுமையாகத் தொடங்கவில்லை போலும் என்று எண்ணி அணைத்துவிட்டு மீண்டும் போடுகிறவர்களை நான் மன்னார்குடியில் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலும் 'செயலாக்கம்' என்பதைத் தரவுச் செயலாக்கத்திற்கும், 'செயல்படுத்தல்' என்பதைத் திட்டங்களை நிறைவேற்றுவதற்கும் ஒரு வசதியை இயங்கச் செய்வதற்கும் நாம் முன்பே கொடுத்துவிட்டோம். 'உயிர்ப்பித்தல்' அழகான சொல்தான். ஆனால் இறந்த வன்தட்டிலிருந்து தரவை மீட்பதைத்தான் அது நினைவூட்டுகிறது.

ஆக்டிவேஷனின்போது நடப்பது இதுதான். நாம் இடும் 25 எழுத்துகள் கொண்ட உரிமக் குறியீட்டையும், அந்தக் கணினியின் வன்பொருள்களிலிருந்து திரட்டிய ஓர் அடையாளத்தையும் இயங்குதளம் சேர்த்து மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புகிறது. அந்தக் குறியீட்டை இந்தக் கணினியில் பயன்படுத்தலாம் என்று வழங்கி ஒப்புக்கொண்டதும் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டுண்டுவிடுகிறது. இணையம் இல்லாத இடங்களுக்குத் தொலைபேசி வழியும் இருந்தது. தாய்ப்பலகையை (மதர்போர்டை) மாற்றினால் இயங்குதளம் மறுபடியும் கேட்பதற்குக் காரணம் இந்தக் கட்டுதான். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது என்பதும், தனியே விலைகொடுத்து வாங்கிய உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து விடுவித்துப் புதியதற்குக் கொண்டுபோகலாம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஆகவே நான் முன்மொழிவது 'உரிமப் பிணைப்பு'. கட்டளையாக வரும்போது 'உரிமத்தைப் பிணைக்கவும்'.

'பிணை' என்றால் நீதிமன்றத்து ஜாமீன் அல்லவா என்று குடந்தை நண்பர் கேட்கக்கூடும். ஆனால் 'பிணைப்பு' என்ற வடிவம் வேதியியல் பாடநூல்கள் வழியே பள்ளிப் பிள்ளைகள் வரை பழகிவிட்ட ஒன்று. அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பைப் படித்த எவருக்கும் இச்சொல் மயக்கம் தராது. 'இணைப்பு' என்று எளிதாக்கலாமே என்ற யோசனையையும் எண்ணிப் பார்த்தேன். 'உரிம இணைப்பு' என்று எழுதினால் சொடுக்கவேண்டிய இணையச் சுட்டி என்றே பெரும்பாலோர் கொள்வர். 'உரிமப் பதிவு' என்பது இதைவிடச் சிக்கலானது. ஏனெனில் 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஆக்டிவேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் ஆகிய இரண்டும் தனித்தனியே இருந்தன. முன்னதை 30 நாளுக்குள் முடித்தாக வேண்டும், பெயரையும் முகவரியையும் கொடுக்கும் பின்னது அவரவர் விருப்பம். 'பதிவு' அந்த இரண்டாவதற்கே உரியது. 'பிணைப்பு' என்று கொண்டால் அதன் கிளைச்சொற்களும் தாமாகவே அமைகின்றன: தாய்ப்பலகை மாற்றியபின் செய்வது மறுபிணைப்பு, பழைய கணினியிலிருந்து விடுவிப்பது பிணைப்பு நீக்கம். பெரிய அலுவலகங்களில் உள்வழங்கி ஒன்றின் மூலம் 180 நாளுக்குச் செல்லுபடியாகுமாறு செய்து, காலம் முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே போகும் முறைக்குத் 'தவணைப் பிணைப்பு' என்று சொல்லிவிடலாம்.

இனி, என்னை இம்மடலை எழுதத் தூண்டிய இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். உரிமம் உறுதியாகாத விண்டோசில் தோன்றும் 'நாட் ஜெனியூன்' என்ற எச்சரிக்கையைப் 'போலி' என்று மொழிபெயர்க்கலாம் என்ற கருத்துக்கு இந்த இழையில் ஆதரவு மிகுந்திருப்பதைக் காண்கிறேன். இதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் சிட்டா எடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், திரை முழுதும் கறுத்து வலது கீழ்மூலையில் வெள்ளை எழுத்துகள் தோன்றியிருந்ததைக் கண்டு அது என்னவென்று கேட்டார். "விண்டோஸ் டூப்ளிகேட் என்று காட்டுகிறது" என்றார் கடைக்காரர். உடனே பெரியவர் கையிலிருந்த அச்சுத்தாளைத் திருப்பிப் பார்த்து, "அப்படியானால் இதில் எடுத்த சிட்டா கூட்டுறவு வங்கியில் செல்லுமா, தம்பி?" என்றார். அந்தக் கணினியின் பெட்டியில், வாங்கும்போது ஒட்டிவந்த சான்றட்டை, எழுத்துகள் பாதி தேய்ந்த நிலையில் அப்படியே இருந்தது. கடைக்காரர் ஃபார்மட் அடித்து அந்த அட்டையில் இருந்த உரிமக் குறியீட்டைக் கொண்டு விண்டோஸ் 7 போட்டிருந்தார். தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோயிருந்ததால் ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று வரும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாள் தவறாக இருந்தால் வழங்கியோடு பாதுகாப்பான தொடர்பு ஏற்படாது. தொடர்பு ஏற்படாததால் பிணைப்பும் நிறைவேறவில்லை. கெடு முடிந்ததும் 'நாட் ஜெனியூன்' வந்துவிட்டது. மின்கலத்தை மாற்றி, நாளைத் திருத்தி, மீண்டும் பிணைத்ததும் எச்சரிக்கை மறைந்தது.

இங்கே பிழை சொல்லில் இருக்கிறது. பிணைக்கப்படாத உரிமம், ஏற்கப்படாத உரிமம் ஆகிய இரண்டையும் விண்டோஸ் 7 ஒரே வாசகத்தால் சுட்டியது. விண்டோஸ் 10இல் அந்த இடத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மட்டுமே வருகிறது. பின்னணிப் படம், வண்ணம் முதலியவற்றை மாற்றும் வசதி பூட்டப்படுகிறதே தவிர மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. நிறுவனத்தின் பக்கமே கோளாறு நேர்ந்ததும் உண்டு. 2007 ஆகஸ்டில் சரிபார்க்கும் வழங்கி பழுதுபட்டபோது முறையான உரிமம் வைத்திருந்தவர்களின் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளும் தகாதவையாகக் காட்டப்பட்டன. பாதிக்கப்பட்டவை 12,000க்கும் குறைவு என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2019 ஜனவரியில், பல அலுவலகங்களில் தவணைப் பிணைப்பில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள், வழங்கியில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் 'நாட் ஜெனியூன்' என்று காட்டின. அந்த மாற்றம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்கும் பிறகு அந்த அறிவிப்பைத் தமிழில் 'போலி' என்று எழுதினால், காசு கொடுத்து வாங்கியவரை அவருடைய மொழியிலேயே திருடர் என்று சொன்னதாகிவிடும்.

'அசல்' என்ற சொல்லும் பொருந்தவில்லை. மென்பொருளில் நம்மிடம் இருப்பது எப்போதும் ஒரு படிதான். 'அசல் நகல்' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் திகைப்பார். ஓலைச்சுவடிகளைப் பார்த்து எழுதியதைப் 'படி' என்று தஞ்சைச் சரசுவதி மகாலில் இன்றும் குறிக்கிறோம். அந்தச் சொல்லையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படி முறையானதா என்பதைச் சொல்ல நமக்கு வயல்வெளியிலேயே சொற்கள் இருக்கின்றன. வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதைநெல் வாங்கும் உழவருக்கு ஆதார விதை வெள்ளை அட்டையோடும் சான்று விதை நீல அட்டையோடும் வரும் என்பது தெரியும். இவற்றுக்கு அப்பால் 'உண்மை நிலை விதை' என்று ஒன்று உண்டு: சான்றளிப்புத் துறையின் அட்டை அதற்கு இல்லை, விதையின் தன்மைக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்றுக் குறிப்பிட்டிருப்பார். அதை எந்த உழவரும் போலி விதை என்று சொல்வதில்லை. சான்று இல்லாதது வேறு, போலி வேறு என்ற தெளிவு டெல்டா மக்களின் நாவில் ஏற்கெனவே இருக்கும்போது கலைச்சொல் ஆக்கும் நாம் அதைக் குழப்பக்கூடாது. கணினிப் பெட்டியில் ஒட்டப்படும் அட்டையைச் சான்றட்டை என்றுதான் நாமும் வழங்குகிறோம்.

எனவே 'ஜெனியூன்' என்பதற்கு 'சான்றுள்ள' என்றும், வழங்கி அதைச் சோதித்தறியும் செயலுக்கு 'மெய்ப்பித்தல்' என்றும் வைத்துக்கொள்ளலாம். 'போலி' என்ற சொல்லை, குறியீடு திருடப்பட்டது அல்லது களவாகப் பெருக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த இடத்திற்கு மட்டும் ஒதுக்குவோம். கிராக் போட்ட படிகளுக்கு அது தகும். பிணைப்பை ஏமாற்றுவதற்காகப் பரப்பப்படும் சிறு நிரல்களில் தீநிரல்கள் ஒளிந்து வருவதால் அங்கே கடுமையான சொல் இருப்பது பயனருக்கும் நல்லது.

லினக்சுக்கு மாறிவிட்டால் இச்சொற்களுக்கே தேவையில்லை என்ற திருச்சி நண்பரின் கருத்தை மதிக்கிறேன். இந்திய அரசின் சார்பில் உருவான பாஸ் லினக்ஸ் உரிமக் குறியீடு எதையும் கேட்பதில்லை என்பது உண்மை. ஆயினும் 'மெய்ப்பித்தல்' அங்கேயும் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையிலும் அதை அடியொற்றிய பாஸ் லினக்சிலும், ஒரு மென்பொருள் பொதியின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாதபோது இதே வகையான எச்சரிக்கை எழுகிறது. அங்கும் பொருள் 'மெய்ப்பிக்க இயலவில்லை' என்பதே. பொதி கெட்டது என்று அது தீர்ப்பு சொல்வதில்லை.

திரையில் இடம் பெறவேண்டிய வாசகங்களைக் கீழ்வருமாறு எழுதிப் பார்த்திருக்கிறேன். பிணைப்பு நிகழாதபோது: 'விண்டோஸ் உரிமம் இந்தக் கணினியுடன் இன்னும் பிணைக்கப்படவில்லை. பிணைப்பதற்கு அமைப்புகளுக்குச் செல்லவும்.' வழங்கி உரிமத்தை ஏற்காதபோது: 'இந்த விண்டோஸ் படியின் உரிமத்தை மெய்ப்பிக்க இயலவில்லை.' மூலையில் இடம் குறைவாக இருந்தால் 'உரிமம் பிணைக்கப்படவில்லை' என்ற இரண்டு சொற்கள் போதும்.

'கெடு' என்ற சொல் மட்டும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. எக்ஸ்பி தந்த 30 நாளைப் போன்ற இடைக்காலத்தைக் குறிக்க அது பேச்சில் பொருந்துகிறது. எழுத்தில் மிரட்டல்போல் தொனிக்கிறது. 'சலுகைக்காலம்' என்றால், செலவுசெய்து வாங்கியவருக்கு யாரோ இரக்கம் காட்டுவதுபோல் ஆகிறது. வேறு சொல் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து