புதுப்பிப்பு: பத்துமலைக் கூட்ட சிமுலேஷன்

மலேசியாவின் பத்துமலையில் உள்ள 272 படிகளில் தைப்பூசக் கூட்டம் நகர்வதைக் காட்டும் ஏஜென்ட் சிமுலேஷனை (ஒவ்வொருவரையும் தனி ‘ஏஜென்ட்’டாக வைத்துக் கணினியில் ஓட்டும் மாதிரி) வேகப்படுத்த வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சிமுலேஷனின் ஒரே ஓட்டத்தைத் துண்டாக்கிப் பல கோர்களுக்கு (ப்ராசஸரில் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) பிரிக்கவில்லை. படியில் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் நகர்கிறார். துண்டுகளின் எல்லையில் அந்தத் தகவலை ஓயாமல் பரிமாறுவதிலேயே நேரம் போய்விடும். எப்படியும் பலமுறை ஓட்டித்தான் சராசரி பார்க்கிறோம். அதனால் கோருக்கு ஒரு முழு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி ரேண்டம் சீட் (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்). சீட்டைக் கட்டாயம் சேமியுங்கள், இல்லையென்றால் விசித்திரமான நெரிசல் ஒன்றை மறுபடி ஓட்டிப் பார்க்கவே முடியாது. வழக்கமான பைத்தானில், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் ஜிஐஎல் என்ற பூட்டு தடுப்பதால், த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) உதவாது, தனித்தனி ப்ராசஸ்தான் (தனி நிரலாக ஓடுவது).

அப்புறம் மொழி விஷயம். நகரும் விதிகள் சி பிளஸ் பிளஸ்ஸில், மற்றதெல்லாம் பைத்தானில். ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ்ஸைத் தனியாக அழைக்காமல், எல்லாருடைய இடங்களையும் ஒரே அரேயாக (எண்களின் வரிசையாக) அனுப்புகிறேன். உண்மையான வேகம் அங்கேதான் கிடைத்தது.